உலகம்மை சொன்ன மூன்று குறைகள்

கண்ணுகளா, கிட்ட வந்து கேளுங்கள். பாயும் காற்றும்தான் கப்பலுக்குத் துணை என்றிருந்த காலத்தில், புன்னைமுனை என்றொரு புதுத் துறைமுகம் இருந்தது. அங்கே உலகம்மை என்ற வணிகப் பெண்ணுக்கு ஒரே ஒரு கப்பல்.

அந்த ஊரில் ஒரு கப்பலை நூறு பங்காக்கி விற்பார்கள். பங்குக்கு ஓர் ஓலை. கப்பல் லாபத்தோடு திரும்பினால் ஓலைக்காரருக்கும் லாபம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாட்டுச் சந்தையைப் போலவே, துண்டுக்குள் கையை மூடி, விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். கப்பலைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். மாட்டுக்காவது பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கு?

அதனால் வாங்கப் பயம். வாங்கியவர் அவசரத்துக்கு விற்கப் போனாலோ, "இவன் ஏன் விக்கிறான்? என்னமோ இருக்கு" என்று எல்லோரும் விலகிவிடுவார்கள்.

உலகம்மையின் கப்பல் பழுதாகி நின்றது. மூன்று நாளில் ஓலைகள் விற்றால்தான் பழுது பார்த்து, காற்று திரும்புமுன் கிளம்ப முடியும். இல்லாவிட்டால் முப்பது மாலுமிகளின் வீட்டில் அடுப்பு எரியாது.

முதல் நாள் அவள் துண்டுக்குள் கை விடாமல், அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "என் கப்பலில் பாய் கிழிந்திருக்கிறது. போன தடவை பத்து மூட்டை மிளகு நனைந்தது" என்று உரக்கச் சொன்னாள்.

பக்கத்துக் கப்பல்காரர் தீத்தாரப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏ உலகம்மா! மகனுக்குப் பொண்ணு கேக்கப் போன எடத்துல, அவன் மூக்கொழுகின்னு சொல்லுவியா?"

விலை இறங்கியது. ஆனால் பானை செய்யும் காத்தாயி முன்னால் வந்தாள். "கிழிஞ்சதைத் தைச்சுக்கலாம்க்கா. தெரியாததை என்ன பண்றது?" என்று இரண்டு ஓலை வாங்கினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வாங்கினார்கள்.

இரண்டாம் நாள் அடிப்பலகையில் புழு அரித்திருந்தது தெரிந்தது. அதையும் சொன்னாள். விலை இன்னும் இறங்கியது. ஆனால், இவள் எதையும் மறைப்பதில்லை என்று வாங்குகிறவர்கள் கூடினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் தச்சர் அவள் காதோடு சொன்னார். "தாயி, பாய்மரத்துல விரிசல். நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னைக்கு ஒரு பொழுது வாயை மூடிக்கோ."

இன்னும் நாற்பது ஓலை பாக்கி. சொன்னால் அவை விற்காமலே போகலாம் என்று உலகம்மைக்குத் தெரியும். ஆனாலும் நேற்று வாங்கியவர்களின் முகத்தை நினைத்தாள். சொல்லிவிட்டாள்.

ஓலை கேட்டு நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அந்த நேரம் பார்த்துக் காத்தாயி ஓடிவந்தாள். "அக்கா, என் மகளுக்குக் காய்ச்சல் கொதிக்குது. வைத்தியருக்குக் குடுக்கணும். ரெண்டு ஓலையையும் வித்துடறேன்."

எல்லாம் போயிற்று என்று உலகம்மை கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓர் உப்பு வியாபாரி கேட்டார்: "காய்ச்சலுக்காகத்தான் விக்கிறியாம்மா? கப்பல்ல வேற கோளாறு எதுவும் இல்லையே?" பிறகு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இருந்தா உலகம்மையே சொல்லியிருப்பா. கொண்டா இங்கே."

காத்தாயிக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் வெற்றிலை மெல்லும் நேரத்தில் காசு கைக்கு வந்துவிட்டது. ஊரே அதைப் பார்த்தது. "அட, வேணுங்கிறப்ப விக்கவும் முடியுதே!" என்று ஆளுக்கொரு கை நீட்டினார்கள். உச்சிப்பொழுதுக்குள் நாற்பது ஓலையும் தீர்ந்தது.

காத்தாயி மகளுக்குக் காய்ச்சல் இறங்கிய வாரம், புதுப் பாய்மரத்தோடு கப்பல் கிளம்பியது.

ஆகவே கண்ணுகளா, யாரும் கேட்காமலே தன் குறையைச் சொல்லிவிடுகிறவரிடம்தான் உலகம் பயமில்லாமல் வாங்கும், விற்கும்.