ஷெட்டுக்கு யாரும் வருவதில்லை

"காரு முடியப் போகுதுங்கம்மா. ஆனா வீட்டுல ஒருத்தரும் ஷெட்டுப் பக்கம் வரமாட்டேங்கறாங்க."

வந்து உட்கார்ந்ததும் அர்த்தநாரி சொன்னது இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மெய்யம்மை கேட்டுக்கொண்டிருந்தார். சிறுவாணி சாலையில் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. தன் சீடர் அர்த்தநாரியைவிடப் பத்து வயது இளையவர். சீடரோ கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகர். ஒரு பொருள் சரியில்லை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த வேலையை அவர் விட்டதில்லை.

பொள்ளாச்சியில் ஒரு தேங்காய்க் களத்தின் மூலையில், ஹெரால்டு என்கிற அந்தப் பழைய கார் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கயிறு கட்டி வீட்டு ஷெட்டுக்கு இழுத்து வந்தார். கார் இல்லாமல் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்போன் என்று ஆகிவிட்டிருந்தது. இதையாவது மூன்று பேரும் சேர்ந்து செய்யலாமே என்றுதான் வாங்கினார்.

மனைவி பூங்கொடியும் மகள் கீர்த்தனாவும் ஆசையாகத்தான் இறங்கினார்கள். அம்மா துரு தேய்த்தாள். மகள் சீட்டுக்கு உறை தைத்தாள். சாப்பாட்டு நேரத்தில்கூடக் கார் பேச்சுதான். பிறகு, என்ன ஆயிற்றோ தெரியவில்லை, ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

பொங்கல் முடிந்ததும் கீர்த்தனா புனேவுக்கு வேலைக்குப் போகிறாள். அதற்குமுன் மூவரும் அந்தக் காரில் கொடிவேரி அணைக்குப் போய்வருவதாகப் பேச்சு. நான் வரவில்லை, நீங்களும் அம்மாவும் போய்வாருங்கள் என்று நேற்று அவள் சொல்லிவிட்டாள்.

"திட்டினீங்களா?" என்று மெய்யம்மை கேட்டார்.

"ஒரு வார்த்தை திட்டினதில்லைங்க. சத்தம்கூடப் போட்டதில்லை."

அது உண்மைதான்.

"அவ ஊருக்குப் போயிட்டா வீட்டுல பேச்சே இருக்காதுங்கம்மா. இந்தக் கார்ல ஒருவாட்டியாவது மூணு பேரும் ஒண்ணா உக்காந்து போகோணும். நான் என்ன பண்ணட்டும்?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மெய்யம்மை காரைப் பற்றி விசாரித்தார். அதன் முன் மூடி, சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும் என்று கேட்டு ஆச்சரியப்பட்டார். சாய்ந்தால் எந்திரம் எப்படித் தெரியும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றெல்லாம் கேட்டார். பிறகு சமையற்கட்டுக்குப் போய் ஒரு கூடை பீன்ஸோடு திரும்பினார்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு இதை நறுக்குங்க."

இந்த குரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவர் அல்ல. பதில் பீன்ஸுக்குள் இருக்கும் என்று நம்பி அர்த்தநாரி நறுக்கினார். எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் விழுந்தன.

மெய்யம்மை பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க."

சொல்லிவிட்டு அரிவாள்மனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அத்தனை துண்டையும் மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அர்த்தநாரிக்கு அதே யோசனை. துண்டு பெரிதாகிவிட்டதோ? பெரிதென்றால் சொல்லியிருக்கலாமே. பின்னே எதற்கு நல்லா இருக்கிறது என்றார்?

அடுத்த ஞாயிறு முற்றத்தைப் பெருக்கச் சொன்னார். அர்த்தநாரி ஒரு சருகு விடாமல் பெருக்கினார். மெய்யம்மை சிரித்த முகத்தோடு நல்லா இருக்கிறது என்றார். பிறகு அதே விளக்குமாற்றை எடுத்து, அதே முற்றத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெருக்கினார்.

அன்றைக்கு அர்த்தநாரிக்கு ஆர்வம் தாங்கவில்லை. இதில் என்னவோ சூட்சுமம் இருக்கிறது என்று முடிவு கட்டினார். பொறுமையைச் சோதிக்கிறாரா? ஆணவத்தை அடக்குகிறாரா? இன்னும் சுத்தமாகச் செய்தால் விட்டுவிடுவாரா? வாரம் முழுக்க இதே நினைப்பு. கம்பெனியில் ஒரு பம்பைப் பார்க்காமலேயே சரி என்று எழுதிவிட்டார். அவருடைய வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

அதற்கடுத்த வாரம் துவைத்த பாய்விரிப்புகளை மடிக்கச் சொன்னார். முனையோடு முனை சேர்த்து, கையால் அழுத்தித் தேய்த்து மடித்து அடுக்கினார். கடையில் புதிதாக வாங்கி வந்ததுபோல் இருந்தது. இதில் குற்றம் சொல்ல முடியாது என்று அவருக்கே ஒரு பெருமை.

மெய்யம்மை குற்றமே சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்து உதறி மறுபடி மடித்தார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறு அர்த்தநாரி எந்த வேலைக்கும் கை வைக்கவில்லை. வாசல் பக்கமிருந்த வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மெய்யம்மை தேடிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு வேலை ஒண்ணும் பார்க்கலீங்களா?"

"எதுக்குங்கம்மா? எப்படியும் நீங்க மறுபடி பண்ணப்போறீங்க."

"கோபமுங்களா?"

கோபம்தான். மெய்யம்மையும் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நான் உங்களைத் திட்டினேனுங்களா?"

"இல்லீங்க."

"சத்தம் போட்டேனா?"

"இல்லீங்க. ஆனா நான் பண்ணினதுல என்னதான் தப்பு? அதையாவது சொல்லிருங்க."

"தப்பு ஒண்ணும் இல்லீங்க. நானே ஒருவாட்டி பண்ணீட்டா எனக்கு ஒரு திருப்தி. அவ்வளவுதான்."

அர்த்தநாரியின் முகம் மாறிவிட்டது.

பூங்கொடி கை காந்தக் காந்த அந்தக் காரின் முன் மூடியைத் தேய்த்து முடித்த அன்று, அவள் உள்ளே போனதும் அவர் உப்புக் காகிதத்தை எடுத்து முதலிலிருந்து தேய்த்தார். கீர்த்தனா தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் தைத்த உறையைப் பிரித்து, தன் கையாலேயே மறுபடி தைத்து மாட்டினார். அவள் திரும்பி வந்து சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னப்பா தப்பு என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னார். இதே பதில்.

அர்த்தநாரி மரத்தடியிலிருந்து எழுந்து செருப்பைத் தேடினார்.

"சாப்பிட்டுப் போங்க," என்றார் மெய்யம்மை.

"இல்லீங்கம்மா. வீட்டுக்குப் போகோணும்."

வீட்டுக்கு வந்து, தான் செய்தது தப்பு என்று பூங்கொடியிடம் வாய்விட்டே சொன்னார். இப்போதாவது தெரிந்ததே என்று சொல்லிவிட்டு அவள் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள்.

கீர்த்தனாவிடமும் சொன்னார். அந்தக் காரில் உனக்குப் பிடித்த மாதிரி ஏதாவது செய்யேன் என்று கேட்டுக்கொண்டார். அவள் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். வெகுநேரம் கழித்து, முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை நீலத்தில் ஒரு கோடு போடவேண்டும் என்றாள்.

ஹெரால்டு காரில் அப்படியொரு கோட்டை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தவர், சட்டையை மாட்டிக்கொண்டு பெயிண்ட் வாங்கக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் கீர்த்தனா கோடு போட்டாள். அவள் கேட்காமலேயே பூங்கொடி வந்து, கோடு நேராக வர நூலைப் பிடித்துக்கொண்டாள். அர்த்தநாரி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, ஷெட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே என்னவோ பேச்சும் இடையிடையே சிரிப்பும் கேட்டன. என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. எழுந்திருக்கவில்லை.

பிறகு உள்ளே பேச்சு நின்றுவிட்டது. கீர்த்தனா கூப்பிட்டாள்.

கதவு முடியும்வரை கோடு நேராகத்தான் வந்திருந்தது. பின் சக்கரத்துக்கு மேலே ஒரு விரல் அளவுக்குக் கீழே இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. தெருவில் போகிறவருக்கும் தெரியும்.

கீர்த்தனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெயிண்டை அழிக்கும் தின்னரில் நனைத்த துணியை நீட்டினாள்.

"பின்னாடி கோணலாப் போயிருச்சுப்பா. நான் வீட்டுக்குள்ள போறேன். நீங்க சரி பண்ணிக்கங்க."

அர்த்தநாரி துணியை வாங்கவில்லை. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுபடி குனிந்தார்.

"கோணலா? எங்கே?" என்றார்.