புறாவின் தொண்டைக்குள் கல்

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் வாய் நிறையப் பேச்சு இருந்தபோது, கரிசல் காட்டுக் கிணறு ஒன்றின் உட்சுவர்ப் பொந்தில் செங்காலி என்ற மாடப்புறா குடியிருந்தாள். புருஷன் பெயர் கருவரியன். சுற்றிலும் சோளம் விளைகிற காடு, காலடியில் தண்ணீர், குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் அவர்களுடைய முதல் குஞ்சு செத்துப்போயிருந்தது.

அதைக் கொன்றது ஒரு காய்ந்த சோள மணி. குஞ்சு பொரித்ததும் ஆண்புறா, பெண்புறா இரண்டுக்குமே தொண்டைப் பையில் பால் சுரக்கும். அந்தப் பாலைத் திடீரென்று நிறுத்திவிட்டு, முழுச் சோளத்தைக் கொண்டுவந்து குஞ்சின் வாயில் திணித்தவன் கருவரியன்தான். நல்ல மனசோடுதான் செய்தான். மணி குறுக்கே நின்றுவிட்டது. செங்காலி அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த குஞ்சுக்குக் குருத்து என்று பெயர் வைத்தார்கள். பாலைத் தவிர வேறெதையும் செங்காலி அவன் பக்கத்தில் விடவில்லை. இறகு முளைத்தபோதும் பால்தான். உடம்பு வளர்ந்து பொந்தை அடைத்துக்கொண்டபோதும் பால்தான். பெற்றவர்கள் இருவரும் மெலிந்து போனார்கள்.

மேல் பொந்தில் மஞ்சமூக்கி என்ற மைனா இருந்தாள். பல குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியவள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"மதினி, சோளத்தத் தண்ணியில ஊறப்போட்டு, நசுக்கி, பாலோட கலந்து துளியூண்டு குடு. குமட்டுவான், துப்புவான். மறுநாளும் குடு. குமட்டுறது சாகுறதுக்கு இல்ல மதினி, தொண்ட பழகுறதுக்கு."

"ஒம் பிள்ளைக்குக் குடு" என்று சொல்லிவிட்டுச் செங்காலி திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கருவரியனுக்கு மைனா சொன்னது சரியென்று பட்டது. செங்காலி வெளியே போன நேரம் பார்த்து, ஊறிய சோளத்தை மசித்துப் பாலோடு ஊட்டினான். குருத்து ஓங்கரித்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் பாதியை விழுங்கிவிட்டான். விழுங்கிவிட்டு, இன்னொரு வாய்க்காக அலகைத் திறந்தான்.

அப்போதுதான் செங்காலி உள்ளே வந்தாள். பிள்ளையின் கண்ணீர் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. மிச்சச் சோளத்தைப் புருஷன் அலகிலிருந்து பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிந்தாள்.

"ஒரு பிள்ளையக் கொன்னது போதாதா ஒங்களுக்கு?"

நடந்ததைச் சொல்ல அவனுக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இனி இந்தப் பொந்துக்குள் ஒரு மணிகூட வராது என்று அவள் கேட்ட சத்தியத்தையும் செய்து கொடுத்தான். பழைய குற்றம் அவன் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. பாவம் என்று சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

பால் என்ன, வற்றாத ஊற்றா? முதலில் அவனுக்கு நின்றது, அப்புறம் அவளுக்கு நின்றது. வெளியே அறுவடை முடிந்து களமெல்லாம் சோளம் கொட்டிக் கிடந்தது. செங்காலி பதறிப்போய் ஊறப்போட்டாள், நசுக்கினாள், மைனா சொன்னபடியெல்லாம் செய்தாள். குருத்து எல்லாவற்றையும் நாக்கால் வெளியே தள்ளினான். பழக வேண்டிய பருவம் தாண்டிப் போயிருந்தது.

"குத்துதும்மா. பால் குடும்மா" என்று அலகை அவள் தொண்டைக்குள் விட்டுத் துழாவினான். அங்கே ஒன்றுமில்லை.

சுற்றிலும் சோளம் குவிந்து கிடக்க, அதன் நடுவில் பட்டினியாகச் செத்தான். இறக்கை முழுசாக வளர்ந்திருந்தது. கிணற்றுக்கு வெளியே வெயிலை அவன் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம்தான் கருவரியன் வாயைத் திறந்தான். "அன்னைக்குப் பாதிய முழுங்கிட்டான் செங்காலி. இன்னொரு வாய் கேட்டான்."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். செங்காலி பறந்துபோய் ஓடைக்கரையில் இறங்கினாள். சோளம் சிதறிக் கிடந்த இடத்தில் சோளத்தை ஒதுக்கிவிட்டுப் பொடிக்கல்லாகப் பொறுக்கி விழுங்கினாள். பிள்ளைக்கு ஒரு மணியைப் பழக்காத தொண்டைக்குக் கல்தான் சரி என்றாள். கருவரியனும் பக்கத்தில் வந்து நின்று விழுங்கினான். அவள் தடுக்கவில்லை.

அதனால்தான் புறாக்கள் இன்றும் இரையோடு கல்லையும் பொறுக்கித் தின்கின்றன. குஞ்சுக்குக் கொஞ்ச நாள் பால் கொடுத்து, பிறகு ஊறிய தானியத்தை அதில் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றன. அன்று முதல்தான் ஆண்புறா பெட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, எதையோ சொல்ல வந்து, அலகைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே குமுறிக்கொண்டிருக்கிறது.