யார் கொடுத்த பாலில் வந்தது?

கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரப்படாதீர்கள். அவசரப்பட்ட ஒருவன் இப்போது சிறையில் இருக்கிறான்.

அவன் பெயர் இசக்கிமுத்து, வாழைத்தார் வெட்டுகிறவன். பல வருடம் ஏங்கிய பிறகு அவன் மனைவி பேச்சிக்கு ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோகூட இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அதைக் கவனித்துக்கொண்டவள் நர்ஸ் ஜெசிந்தா. பிறந்ததும் எடுத்த சோதனையில் குழந்தைக்குக் கிருமி எதுவும் இல்லை என்றுதான் வந்தது.

பேச்சிக்கு முதலில் பால் ஊறவில்லை. இசக்கியின் தங்கை சுடலி கைக்குழந்தைக்காரி. கேள்விப்பட்டதும் ஓடி வந்து பால் கொடுத்தாள். அண்ணன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். இருவருக்கும் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. பிறத்தியார் பால் என்பதால் கிருமி சாகும்வரை அதைச் சூடாக்கி, ஆறிய பிறகே குழாய் வழியாகக் கொடுத்தார்கள். பிறகு பேச்சிக்கும் பால் சுரந்தது. பெற்றவள் பால் அல்லவா, சூடாக்காமல் அப்படியே கொடுத்தார்கள். குறைமாதக் குழந்தையின் குடலுக்கு அதைவிட நல்லது இல்லை.

சில வாரத்தில் குழந்தை சாம்பல் நிறமாகிவிட்டது. மூச்சு நின்று நின்று வந்தது. மறுபடி சோதித்தால் வைரஸ். டாக்டர் பேச்சியிடம் பொறுமையாக விளக்கினார். சிறுவயதில் சளிபோல வந்து போகிற கிருமி இது, பெரும்பாலானோர் உடம்பில் உறங்கிக் கிடக்கும், பிள்ளை பெற்றவளின் பாலில் விழித்துக்கொள்ளும். பேச்சி சுடலியிடம் சொல்லி அழுதாள். ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர், கொன்னு போட்டுருவாவ."

ஜெசிந்தா சத்தியம் செய்து கொடுத்தாள்.

இசக்கியின் காதில் விழுந்தது பாதிதான்: பால் வழியாகக் கிருமி வந்திருக்கிறது. பெற்றவள் பாலைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. மத்தியானம் அரிவாளோடு வந்தான். தடுத்த காவலாளியின் மண்டையை உடைத்தான். பால் எடுக்கும் அறையில் பேச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுடலியை முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான்.

"ஏட்டி, எம்மேல உள்ள வஞ்சத்த எம்புள்ள மேலயா தீத்த?"

சுடலி பேச்சியை ஒருமுறை பார்த்தாள்.

"ஆமா, எம்பாலுதான். வெட்டு."

அரிவாள் அவள் தோளில் இறங்கியது. ஜெசிந்தா பாய்ந்து அதை வெறுங்கையால் பிடித்தாள்.

"யாரு பாலுன்னு டாக்டருக்கே தெரியல அண்ணாச்சி!"

அவன் அரிவாளை உருவினான். அவள் விரலொன்று அறுந்து தொங்கியது. பால் புட்டிகள் உருண்டு உடைந்தன; தரையெல்லாம் பாலும் ரத்தமும். இந்த முறை தங்கையின் கழுத்துக்கு ஓங்கினான். பேச்சி குறுக்கே விழுந்தாள்.

"சுடலி பாலச் சுட வச்சுல்லா குடுத்தாவ! பச்சையாப் போனது எம்பாலு. பாவி நான்தான், என்னைய வெட்டும்!"

ஓங்கிய கை நின்றுவிட்டது. போலீஸ் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது.

சுடலி பொய் சொல்லிக் கழுத்தை நீட்டினாள். ஜெசிந்தா செய்த சத்தியத்துக்காக மழுப்பினாள். பேச்சி உள்ளதைச் சொன்னாள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

உங்கள் தீர்ப்பு ஆயிற்றா? என் கணக்கில் பேச்சி செய்ததே சரி. சுடலியின் பொய் அவளைப் பிணமாக்கியிருக்கும். அந்தச் சேதி கேட்ட எந்தப் பெண்ணும் அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க வரமாட்டாள். ஜெசிந்தாவின் மழுப்பல் அவன் சந்தேகத்தைத் தீர்க்கவே இல்லை. சுட்ட பால் எது, சுடாத பால் எது என்று சொன்ன பிறகுதான் அரிவாள் நின்றது. ஆனால் பேச்சியும் ஒரு பொய் சொன்னாள். 'பாவி நான்தான்' என்றாளே, அதுதான். உறங்கிக் கிடந்த கிருமி தானாக விழித்ததில் அவள் குற்றம் எதுவும் இல்லை. கையில் கட்டோடு வந்து ஜெசிந்தா அதை எடுத்துச் சொன்னபோது பேச்சி நம்பவில்லை. பெட்டிக்குள் குழந்தைக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"அடுத்த வேளைக்கு யாரு பாலு சிஸ்டர்?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"கிருமிக்கு மருந்து போவுது, கொடலுக்கு டாக்டர் ஒம்பாலத்தான் கேக்காரு" என்றாள் ஜெசிந்தா.