ஒரே குதிக்கு நாலு சொல்

வேங்கைக்குன்று ராஜா வீரகஜேந்திரருக்குத் திடீரென்று இங்கிலீஷ் படிக்க ஆசை வந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் அரண்மனைத் துபாஷி சவரிராயர். துரைமார் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்வது அவர் உத்தியோகம். வீட்டில் தூளியில் கைக்குழந்தை. அதனால் உத்தியோகமும் வேண்டும், தலையும் வேண்டும்.

ஹாப், ஸ்கிப், ஜம்ப், லீப் என்று அன்றைய பாடம் ஓடியது. ராஜா ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டார்.

"குதிப்பதுதான், மகாராஜா" என்றார் சவரிராயர், நாலு தடவையும்.

பிரதானி திருமேனிநாதருக்குத் துபாஷியைக் கண்டாலே ஆகாது. மீசையைத் தடவிக்கொண்டார். "ஒரே குதிக்கு நாலு சொல்லா? இவரே உட்கார்ந்து வார்த்தை ஜோடிக்கிறார், மகாராஜா. துரை வந்தால் நம்மைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்."

ராஜாவின் முகம் மாறியது. "நாலும் வேறு வேறு என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் உம் தலை உமக்கில்லை."

"கோட்டைச் சுவர்தான் அதற்குத் தோதான இடம்" என்று எடுத்துக்கொடுத்தார் பிரதானி.

சுவருக்குக் கீழே அகழி. அகழியில் ஒரு முதலை. அதற்கு வயதாகிவிட்டது, பசி மட்டும் குறையவில்லை.

சுவர்மேல் சவரிராயர் ஒற்றைக்காலில் நொண்டினார். அது ஹாப். கயிற்றைச் சுழற்றித் தாண்டினார். ஸ்கிப். முக்காலியிலிருந்து தொப்பென்று குதித்தார். ஜம்ப். ராஜா தலையாட்டினார். "இனி லீப், அது பெரிய தாண்டல்" என்றார் சவரிராயர்.

"லீப் என்றால் பெரிய தாண்டல் என்றீரே, ஓய்" என்றார் பிரதானி. "அகழிக்கு அக்கரைவரை தாண்டிக் காட்டும், பார்ப்போம்."

சவரிராயர் எட்டிப் பார்த்தார். முதலையும் பார்த்தது. அவர் குரல் பாடம் நடத்துகிற குரலாகவே இருந்தது.

"தாண்டுகிறேன். ஆனால் விலகுவதற்கு இரண்டு சொல் பாக்கி இருக்கிறது. லீப் ஆன பிறகு அதைக் காட்ட நான் இருக்க மாட்டேன்."

"நியாயம்தான்" என்றார் ராஜா.

"இந்த விளிம்புப் பக்கமே நான் நேற்றுவரை வந்ததில்லை. அது அவாய்ட். மேலே வந்து மோதுகிறபோது விலகினால் அது டாட்ஜ். அதற்கு மோத ஓர் ஆள் வேண்டும். கனமான ஆளாக இருந்தால் மகாராஜாவுக்குத் தெளிவாகப் புரியும்."

சபையிலேயே கனமான ஆள் பிரதானிதான். யாராவது கூப்பிடட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். இன்றோடு தொலைந்தான் என்று, விளிம்பில் நின்ற துபாஷியை நோக்கி ஓடிவந்தார்.

சவரிராயர் ஓரடி நகர்ந்தார்.

கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"நான் செய்தது டாட்ஜ், மகாராஜா. பிரதானி செய்தது லீப். பாதி தூரம்தான் போனார், இருந்தாலும் லீப்தான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துத் துபாஷிக்குப் போர்த்தினார். தூளிக்கு நீளம் போதும் என்று சவரிராயர் மனத்துக்குள் அளந்துகொண்டார்.

அதற்குள் பிரதானி அக்கரை ஏறிவிட்டார். வேட்டி முதலையின் வாயில் இருந்தது. அவர் கோவணத்தோடு வயல்வரப்பில் பறந்துகொண்டிருந்தார்.

"ஓய், அதற்கு என்ன சொல்?" என்று கேட்டார் ராஜா.

"எஸ்கேப், மகாராஜா. அந்தப் பாடத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. பிரதானி தாமாகவே படித்துக்கொண்டார்."