பட்டுப் பிரிவில் நிற்பவர்

“ஒரு கஸ்டமர் கடையை விட்டுப் போகமாட்டேங்கிறாங்க, சாமியம்மா” என்றார் குற்றாலிங்கம்.

“நல்ல வியாபாரம்தானே?” என்றாள் சாமியம்மா.

குற்றாலிங்கம் ஊரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மாநில ஜவுளி வணிகர் சங்கத்தின் செயலாளர். சாமியம்மா மலையடிவாரத்தில், ஓடாமல் நின்றுபோன ஒரு அரிசி ஆலையில் இருந்தாள். வயதில் அவரைவிடச் சின்னவள். மனதில் ஏதாவது உறுத்தினால், அவளிடம் வழி கேட்க அவர் அங்கே போவார்.

“வாங்கவும் இல்லை, போகவும் இல்லை. பதினோரு நாளா பட்டுப் பிரிவில நிக்கிறாங்க.”

“ஆள் எப்படி?”

“எனக்குத் தெரியலை. கிட்டப் போய்ப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஆனா வேலை பார்க்கிற பொண்ணுங்க எல்லாருக்கும் தெரியுது.”

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்களை வச்சு விளையாடுறாங்க.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, நானே ஷட்டரை இறக்கினேன்.”

“சரி.”

“உள்ளேருந்து தட்டினாங்க.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“கஸ்டமர் உள்ளே இருக்கும்போது ஷட்டரை இறக்குறது எங்க தொழில்ல வழக்கம் இல்லை. விளக்கையும் அணைக்க மாட்டோம். அன்னையிலேருந்து கடை பூட்டலை. பொண்ணுங்க முறை வச்சு ராத்திரியும் நிக்கிறாங்க. வர்ற ஜனம் பயந்து ஓடுது. சங்கத்தில ஒருத்தருக்கும் சொல்லலை, சொன்னா சிரிப்பாங்க. விரட்ட ஒரு மந்திரம் கொடுங்க.”

“அவங்க வர்றதுக்கு முந்தின நாள் எங்கே இருந்தீங்க, செயலாளரே?”

“சென்னையில. சட்ட விஷயமா.”

கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒரு விதி எழுதியிருந்தது. சங்கம் அதை எதிர்க்கவில்லை. எதிர்த்தால் பேப்பரில் வரும். ஆறு பேர் சால்வையோடு போனார்கள். அமைச்சருக்கு நன்றி சொன்னார்கள். பிறகு அதிகாரியின் அறைக்குப் போய், ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள்.

“என்ன வரி?”

“‘கடையில் வாடிக்கையாளர் எவரும் இல்லாத வேளையில்’ உட்காரலாம். அவ்வளவுதான். நான்தான் யோசிச்சுச் சொன்னேன்.” அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

“பெரிய கடையில அப்படி ஒரு வேளை வருமா?”

“வராது. அதுக்குத்தானே அந்த வரி.”

“சட்டமாயிருச்சா?”

“நாளைக்கு அச்சுக்குப் போகுது. எங்க தலைவர் ஆதிமூலம் அண்ணாச்சி சென்னையிலேயே தங்கிப் பார்த்துக்கிறார். ஏழு ஊர்ல கடை அவருக்கு.”

சாமியம்மா கீரைத்தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

“வாங்க. கடைக்குப் போவோம்.”

•

மதியம். மார்கழி மாதம், முகூர்த்தம் கிடையாது. பட்டுப் பிரிவில் வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை.

எட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்காக வாங்கிய எட்டு ஸ்டூல்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரோரம் கிடந்தன.

மூத்தவள் செண்பகவடிவு, யாருமில்லாத இடத்தின் முன்னால் ஒரு புடவையை விரித்தாள்.

“இது அரக்கும்மா. முந்தி நல்லா எடுப்பா இருக்கும்.”

சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். தலையாட்டினாள். அடுத்ததை எடுத்தாள்.

மின்விசிறி ஓடியது. விரித்த முந்தியின் ஒரு மூலை, விரலால் தூக்கிப் பார்த்தது போல எழுந்தது. பிறகு மெல்லத் தாழ்ந்தது.

“அவங்களுக்கு நாற்காலி போட்டீங்களா?” என்றாள் சாமியம்மா.

“ஜவுளிக்கடையில முதல்ல அதுதானேம்மா. போட்டேன். உட்கார மாட்டேங்கிறாங்க.”

“ஏனாம்?”

“உட்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்.”

“யாரு?”

செண்பகவடிவு புடவை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

“கேட்டீங்கள்ல? விரட்டி விடுங்க” என்றார் குற்றாலிங்கம்.

“கஸ்டமரை விரட்டுவாங்களா? கவனிச்சு அனுப்பணும். நீங்க காட்டுங்க புடவையை.”

“நானா?”

“முதலாளியே காட்டினா மனசு நிறைஞ்சு போயிருவாங்க.”

ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

குற்றாலிங்கம் மேசைக்குப் பின்னால் போனார். ஒரு புடவையைப் பிரித்தார். “யாரைப் பார்த்துக் காட்ட?”

“தூணுக்கு இந்தப் பக்கம், முதலாளி. இன்னும் கொஞ்சம் கீழே பாருங்க. என் உயரம்தான் இருப்பாங்க” என்றாள் செண்பகவடிவு.

அவர் காட்டினார். மடித்தார். இன்னொன்று காட்டினார். வாசலில் கிடந்த வெயில் தெருவைக் கடந்து எதிர்க்கடைச் சுவரில் ஏறியது. பிரித்த புடவைகள் மேசையில் மலையாகக் குவிந்தன. முதலில் குதிகால் வலித்தது. பிறகு கெண்டைக்கால். பிறகு இடுப்பு. அவர் அலமாரியில் சாய்ந்தார்.

“சாயாதீங்க முதலாளி, கேமரா இருக்கு” என்றாள் சிரித்த பெண்.

அவர் நிமிர்ந்தார்.

தெருவிளக்கு எரியும் நேரத்தில் அவர் கால் மாற்றி மாற்றி நின்றார்.

“சாமியம்மா, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துக்கிறேன்.”

சாமியம்மா செண்பகவடிவைப் பார்த்தாள். செண்பகவடிவு தூணுக்கு இந்தப் பக்கம் பார்த்தாள்.

“இன்னும் இருக்காங்களே, முதலாளி.”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மேசைக்குக் கீழே, தரையோடு தரையாக, அந்தப் பெண்களின் கால்கள் தெரிந்தன. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. நரம்பு சுருண்டவை. கணுக்கால் வீங்கியவை. எட்டு ஜோடி.

தூணுக்கு இந்தப் பக்கம் ஒன்பதாவது ஜோடி நின்றது. செருப்பில்லை. ஒரு கணுக்காலில் பழந்துணி சுற்றியிருந்தது. அதற்கு மேலே தூண்தான் இருந்தது.

புடவை கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, நாம கேட்ட அந்த வரியை எடுத்திரச் சொல்லுங்க.”

பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தார்.

“என்னைச் சங்கத்தை விட்டுத் தூக்கினாலும் சரி. இப்பவே அதிகாரியைப் போய்ப் பாருங்க. நாளைக்கு அது அச்சுல வரக் கூடாது.”

திட்டப் போகிறார் என்று குற்றாலிங்கம் காத்திருந்தார்.

தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உங்க கடையில எந்தப் பக்கம் நிக்கிறாங்க?”