வாடிய அருகம்புல்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், கருங்குன்ற நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் சந்தேகம் பிடித்தவர். அவர் சாப்பாட்டை மூன்று பேர் ருசி பார்ப்பார்கள். அந்த மூன்று பேரையும் நான்காவது ஆள் ஒருவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பதவி வரிசைப்படி பிரதானிகள் முதலில் உள்ளே போகவேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் ராஜா வாசற்படியைத் தாண்டுவார்.

அந்த நாட்டுக்கு ஒரே ஒரு வெடிமருந்து ஆலை. குன்றின் உச்சியில் இருந்தது. இரண்டு வருஷமாக ஐப்பசி மாதத்தில் இடி விழுந்து ஆலை சிதறியது. இரண்டாவது முறை பதினொரு பேர் செத்துப்போனார்கள். மூன்றாவது முறையும் போனால் பீரங்கிக்கு மருந்து இருக்காது. அண்டை நாட்டுக்காரன் உள்ளே வந்துவிடுவான்.

அப்போது சபைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் நல்லக்காள். செப்புப் பாத்திரம் அடிப்பவள்.

"மகாராஜா, என் பட்டறையில் போன வருஷம் இடி விழுந்தது. கூரைமேல் சாய்த்துவைத்த செப்புத் தகடு வழியாக இறங்கிக் கிணற்றுக்குள் போய்விட்டது. ஒரு சொம்புகூட நசுங்கவில்லை. இடிக்கு ஒரு வழி விட்டால் அது தன் பாட்டுக்குப் போய்விடும்."

ராஜா கண்ணைச் சுருக்கினார். "உனக்கும் இடிக்கும் எத்தனை நாள் பழக்கம்?"

சபை சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் தளபதி வல்லபராயர். ஆலை அவர் பொறுப்பில் இருந்தது.

"இந்தாம்மா பாத்திரக்காரி, வானத்தையே கிழிக்கிற இடி உன் செப்புப் பட்டைக்குக் கட்டுப்படுமா? அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்!"

ராஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவர்மேலும் அவருக்குச் சந்தேகம். "செய்து பார். இந்த மழைக்காலத்தில் ஆலை தப்பினால் இனி அதை உன் பொறுப்பில் விடுகிறேன். எரிந்தால் உன் தலை போகும்."

நல்லக்காள் கூரை உச்சியில் ஒரு செப்புக் கம்பியை நட்டாள். அதிலிருந்து கை அகலப் பட்டையைச் சுவர் வழியாக இறக்கி, மண்ணுக்கடியில் புதைத்து, ஆலைக்குப் பக்கத்துக் குளத்துக்குள் கொண்டுபோய் விட்டாள். புதைத்த இடத்தின்மேல் அருகம்புல் பதித்தாள். முதல் மழையில் புல் பச்சென்று பிடித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் பார்க்கிறாள், நல்ல மழைக்காலத்தில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் புல் வாடிக் கிடக்கிறது. தோண்டிப் பார்த்தாள். ஒரு சாண் பட்டையை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

யார் செய்தது? வல்லபராயர்மேல்தான் மனசு போனது. ஆனால் கையில் சாட்சி இல்லை. ராஜாவிடம் போனால், 'நீயே வெட்டிவிட்டு நாடகம் ஆடுகிறாயா?' என்று கேட்பார். ஆகவே வெட்டியதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. புதுத் துண்டு வைத்து, ஆணி அடித்து இறுக்கி, வெட்டியவனுக்குத் தெரியாதபடி, வாடிய புல்லையே பழையபடி மேலே வைத்து மூடினாள். நேராக அரண்மனைக்குப் போனாள்.

"மகாராஜா, அடுத்த முறை மேகம் திரளும்போது சபையை ஆலைக்குள் கூட்டுங்கள்."

"என்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாயா?"

"தங்கள் வழக்கப்படி எல்லாரும் முன்னே போகட்டும். நானும் உள்ளே இருப்பேன். தாங்கள் கடைசியில் வாருங்கள். மனசில்லாவிட்டால் வரவே வேண்டாம்."

இந்த ஏற்பாடு ராஜாவுக்குப் பிடித்துவிட்டது.

நான்காம் நாள் நண்பகலில் வானம் கருத்தது. பிரதானிகள் ஆலை வாசலில் வரிசையாக நின்றார்கள். பதவியில் மூத்தவர் வல்லபராயர். ஆகவே வரிசையில் முதல் ஆள்.

"ஆலைக்குள் இரும்பு ஆகாது. வாளைக் கழற்றுங்கள், தளபதியாரே" என்றாள் நல்லக்காள்.

"வாளை யாரிடம் கொடுப்பது? எங்கள் பரம்பரை வாள் இது."

"என்னிடம் கொடும்" என்றார் ராஜா.

வாள் போயிற்று. "முழங்கால் வலி, மகாராஜா. படி ஏற முடியவில்லை."

"குதிரை ஏறினீரே! நடவும்."

தூரத்தில் ஒரு மின்னல். வல்லபராயரின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு காலைப் படியில் வைத்தார், எடுத்தார். வானம் உறுமியது.

"வேண்டாம், மகாராஜா! யாரும் போகாதீர்கள்! பட்டை குளத்தைத் தொடவில்லை!"

ராஜா மெதுவாகக் கேட்டார். "மண்ணுக்குள் இருப்பது உமக்கு எப்படித் தெரியும்?"

"அது... கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னார்?"

வல்லபராயர் பின்வாங்கப் பார்த்தார். நல்லக்காள் கேட்டாள். "பட்டை இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்றீர்களே ஐயா. இல்லை என்றதும் ஏன் இப்படி நடுங்குகிறீர்கள்?"

சொல்லிவிட்டு உள்ளே போய், மருந்துப் பீப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நொடி கண் கூசும் வெளிச்சம். குன்றே அதிர்ந்தது. ராஜாவும் பிரதானிகளும் சேற்றில் குப்புற விழுந்தார்கள். குளத்துத் தண்ணீர் ஓர் ஆள் உயரம் எழும்பி விழுந்தது. அவர்கள் தலை தூக்கிப் பார்த்தபோது ஆலை அப்படியே நின்றது. நல்லக்காள் காதைத் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பட்டையை வெட்டியது அவர். ஒட்டியது நான். உள்ளே வாருங்கள், மகாராஜா. வெளியேதான் நனைகிறது."

ராஜா எழுந்தார். தமக்கு முன்னால் வரிசையாக நின்றவர்களைக் கையால் ஒதுக்கினார். வாழ்நாளில் முதல் தடவையாக, யாரையும் முன்னே அனுப்பாமல் தாமே உள்ளே போனார்.

ஆலை நல்லக்காள் பொறுப்பில் வந்தது. வல்லபராயரின் பதவி போயிற்று; தலை போகவில்லை. மேகம் திரண்டால் ஆலைக்குள் போய் உட்காரவேண்டும் என்பதுதான் அவருக்கு ராஜா கொடுத்த தண்டனை. பட்டைக்கு அவரைவிட நல்ல காவல்காரன் கிடைப்பானா?

அதன்பிறகு அங்கே புல் வாடவே இல்லை. சித்திரை வெயிலிலும் குளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்து, குனிந்து குனிந்து பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தார் வல்லபராயர்.