நிலாவுக்குக் கிடைத்த உத்தியோகம்

முன்னொரு காலத்தில் மணிப்பாறை நாட்டை மல்லையதேவன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். கெட்டவன் அல்லன், புகழ்ச்சி காதில் விழுந்தால் மட்டும் புத்தியைக் கழற்றி வைத்துவிடுவான்.

ஒரு பௌர்ணமி மாலையில் பல்லக்கில் உலா போனபோது, வீடுகளும் மரங்களும் பின்தங்க, நிலா மட்டும் தன்னோடு கூடவே வருவதைக் கண்டு வியந்தான்.

"புலவரே, இது என்ன விந்தை?"

அவைப்புலவர் மங்களவாசகர் ஒரு நொடியும் தயங்கவில்லை. "தங்களுக்குத் தீவட்டி பிடிக்க வருகிறது, மன்னா."

"குன்றூர் விசயராயனோடும் போகுமோ?"

"அவனோடா? அவன் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பான்."

குன்றூர் அண்டை நாடு. அதன் மன்னன் விசயராயன் பெயரைக் கேட்டாலே மல்லையதேவனுக்குச் சோறு இறங்காது. ஆகவே அந்த விடை தேனாய் இனித்தது. மறுநாளே நிலாவுக்கு அரண்மனைத் தீவட்டிக்காரர் என்ற உத்தியோகம் கிடைத்தது. பௌர்ணமிதோறும் ஒரு பட்டுச் சால்வை மரியாதை. நிலா நேரில் வர இயலாமையால் புலவரே அதன் சார்பில் பெற்றுக்கொண்டார். மன்னன் உலா முடிந்து திரும்பும்வரை குடிகள் எவரும் தெருவில் நடமாடலாகாது, பணியாளின் கவனம் சிதறும் என்று ஆணையும் பிறந்தது.

அமைச்சர் நக்கண்ணர் இதைக் கேட்டுப் பல்லைக் கடித்தார். ஆயினும், யாருக்கும் தீங்கில்லாத மடமை நாளடைவில் தானே ஓயும் என்று எண்ணிச் சும்மா இருந்தார். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது மூன்றாம் பௌர்ணமிக்கு மறுநாள், மோர் விற்கும் பொன்னாச்சியைச் சேவகர் அவைக்கு இழுத்து வந்தபோது அவருக்கு விளங்கிற்று.

"அரசரின் நிலாவோடு தெருவில் நடந்தாயா?" என்றான் மன்னன்.

"நான் அதைக் கூப்பிடலைங்க, மகாராசா. மாடு கறக்கணுமேன்னு வேகமா வீட்டுக்குப் போனேன். அதுவா எங்கூட வந்துது."

"உன்னோடு வந்ததா?"

"வாசப்படி வரைக்கும் வந்துதுங்க."

அவை நடுங்கியது. புலவர் எழுந்தார். "அரசுப் பணியாளைக் கவர்ந்தவள் இவள். நாடு கடத்துவதே தகும்."

மன்னன் தலையசைக்கும் முன் நக்கண்ணர் முன்னால் வந்தார். நிலா யாரோடும் போவதில்லை என்று இப்போது சொன்னால், மன்னனின் சினத்தால் பொன்னாச்சிக்குத் துணையாகத் தாமும் எல்லை தாண்ட நேரும். அவளுக்கு அதனால் ஒரு பயனும் இராது. ஆகவே பணிவாகப் பேசினார்.

"குற்றம் பெரிது, மன்னா, சாட்சியும் பெரிதாக வேண்டும். இன்று நிலா எழுந்ததும் தாங்கள் வடக்கே உலா செல்லுங்கள். அதே வேளையில் பொய் அறியாத நாவுடைய ஒருவர், தீவட்டி இல்லாமல், தெற்கே ஏரிக்கரை நந்தவனத்துக்கு நடக்கட்டும். நிலா அவரை விட்டுவிட்டுத் தங்களோடு போகிறதா என்று கண்டு வந்து சொல்லட்டும். வெறுங்கையோடு திரும்புவானேன்? சிவபூசைக்கு அரளி கொய்து வரட்டும். அங்கே வெள்ளையும் சிவப்பும் கலந்து பூத்திருக்கின்றன. வெள்ளை மட்டுமே வேண்டும்."

"அத்தகைய நா இந்த அவையில் ஒன்றுதான் உண்டு" என்று புலவர் சால்வையைச் சரிசெய்தார்.

"அதை அறிந்தே சொன்னேன்" என்றார் அமைச்சர்.

உலா முடிந்தது. மன்னன் அவைக்குத் திரும்பியபோது, புலவர் ஒரு குடலை நிறையப் பூவோடு காத்திருந்தார். அத்தனையும் வெள்ளை.

"என்னோடு நிலா வந்தது. உம்மோடு?" என்றான் மன்னன்.

"என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, மன்னா. ஒரே கும்மிருட்டு. என் கை எனக்கே தெரியவில்லை."

நக்கண்ணர் குடலையைக் கிளறினார். "கும்மிருட்டில் சிவப்பு ஒன்றுகூடக் கலக்காமல் எப்படிக் கொய்தீர், புலவரே?"

"தடவித் தடவிப் பறித்தேன்."

"விரலுக்கு நிறம் தெரியுமோ?"

"வாசனையால்..."

மன்னன் இறங்கி வந்து, குடலையையும் புலவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நிலா உம்மோடும் வந்திருக்கிறது" என்றான் மெதுவாக. பிறகு அமைச்சரிடம் திரும்பினான். "அப்படியானால் அது யாருடைய ஆள்?"

"யாருடைய ஆளும் அன்று, மன்னா. பல்லக்குப் போகையில் பக்கத்து மரம் விரைந்து பின்தங்குகிறது. தொலைவில் உள்ள மலை மெல்லப் பின்தங்குகிறது. நிலாவோ, நம் நடையெல்லாம் ஒரு நடையாகவே தோன்றாத தொலைவில் இருக்கிறது. ஆகவே எல்லாரோடும் வருவதுபோல் தெரிகிறது."

"எவ்வளவு தொலைவு?"

"அறியேன்."

அந்த அவையில் அதுவரை யாரும் சொல்லாத சொல் அது. எல்லாரும் மன்னனின் முகத்தையே பார்த்தார்கள். மல்லையதேவனோ, புதிய பண்டம் ஒன்றைச் சுவைத்தவன்போல் அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"அறிய வழி உண்டா?"

"உண்டு. நம் நடை சிறிது; நாடு பெரிது. வட எல்லையில் ஒருவரும் தென் எல்லையில் ஒருவரும் நிற்க வேண்டும். சந்திர கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் தொடங்கும்; அந்தக் கணத்தில், நிலாவுக்கு அருகே எந்த விண்மீன் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இருவரும் பார்க்க வேண்டும். இருவர் கண்டதும் சிறிதளவு வேறுபட்டால், அதிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம்."

"நம் நாட்டின் நீளம் போதாவிட்டால்?"

"குன்றூரில் ஓர் ஆளை நிறுத்தும்படி விசயராயரைக் கேட்க வேண்டும்."

மன்னன் முகம் சுருங்கியது. "அவனோடும் நிலா நடக்கிறதா?"

"நடக்கிறது, மன்னா."

மல்லையதேவன் சாளரத்தருகே போய் நிலாவை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு, தன்னை மீறிச் சிரித்தான். "சரி, தூதனை அனுப்பும். அவனும் இத்தனை நாள் தன் ஆள் என்றே நினைத்திருப்பான்."

ஊரடங்கு ஆணை அன்றே நீங்கியது. அமாவாசைதோறும் பல்லக்கின் முன் தீவட்டி பிடிக்கும் பணி மங்களவாசகருக்குக் கிடைத்தது. நிலாவின் பட்டுச் சால்வைகள், அவையோரம் காவலில் நின்ற பொன்னாச்சிக்குப் போயின. அவற்றை வாங்கிக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே: "நான் போலாங்களா, மகாராசா? கன்னுக்குட்டி கத்தும்."

"போ. தீவட்டி பிடிக்க ஆள் அனுப்பட்டுமா?"

"வேணாங்க. வெளியில நிக்குது" என்று வானத்தைக் காட்டிவிட்டு அவள் நடந்தாள்.